கடித்துப் பார்த்துக் கொடுத்த அக்கா

அக்கா எந்தக் காயைக் கொடுத்தாலும் அதில் அவருடைய பல் பட்டிருக்கும். வெண்டைக்காய்க்கு நுனி இருக்காது. கத்தரிக்காயில் காம்புக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். சுரை, பீர்க்கு, வெள்ளரி என்றால் ஒரு முனையைச் சீவி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, விழுங்கிய பிறகுதான் மீதிக் காய் நம் கைக்கு வரும். விழுங்கும்போது தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கையை நீட்டுவோம்.

அவர் எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர். ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் தென்னேரி. எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் தறி ஓடும், அவர் வீட்டில் மட்டும் தறி கிடையாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு. நடுவில் சுவர் இல்லை. எங்கள் பக்கம் துணி துவைக்கிற கல்லும் ஒரு முருங்கை மரமும்தான் இருந்தன. அவர் பக்கம் முழுக்கத் தோட்டம். இத்தனைக்கும் அந்த இடம் இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். அதற்குள் பந்தல் போட்டு புடலையும் அவரையும் ஏற்றியிருந்தார். குளிக்கிற தண்ணீர் போகும் வழியில் வாழை. பழைய பெயின்ட் டப்பாக்களில் தக்காளி. புடலங்காய் சுருளாமல் இருக்க நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். சாயங்காலம் சுரைப் பூ விரியும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டு வைப்பார். "வண்டு வரும்னு காத்துக்கினு இருந்தா எப்பப்பா காய் தின்றது?" என்பார்.

நாங்கள் குடி வந்த முதல் வாரம் அவர் எங்களுக்கு ஒரு பீர்க்கங்காய் கொடுத்தார். நுனி சீவப்பட்டிருந்தது. அந்தச் சீவலை மென்றுகொண்டேதான் கொடுத்தார். என் மனைவி வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, "இன்னாங்க இது, எச்சில் பண்ணிக் குடுக்கறாங்க?" என்றாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எனக்கு எப்போதுமே தெரியாது. தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டால் நாள் முழுக்க யாரோடும் பேசவேண்டாம் என்பதுதான் எங்கள் தொழிலில் எனக்குப் பிடித்த விஷயம். அவள் கழுவிச் சமைத்தாள். நன்றாக இருந்தது. அதன் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

மற்றவர்கள் அப்படி விடவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா வாழைத்தண்டு கேட்டு வருவார். ஒருநாள் அக்கா அவருக்காக ஒரு வெள்ளரிக்காயைச் சீவி வாயில் போட்டதும் அந்த அம்மா முகத்தைச் சுளித்தார்.

"நாங்க எச்சிலு தின்றது இல்லம்மா."

"அப்ப மார்க்கெட்ல வாங்கிக்கம்மா. அங்க எலி கடிச்சிருக்கும், அது உனக்குத் தெரியாது, அவ்ளோதான்."

அந்த அம்மா போய்விட்டார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். இந்த முறை சீவும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காயை வாங்கிக்கொண்டார்.

அக்கா மிளகாயைக்கூட விடமாட்டார். பச்சை மிளகாயைக் கடித்து, கண்ணில் நீர் வர நின்று, "இது உங்க வீட்டுக்கு ஆவாது. உன் சம்சாரத்துக்கு வயித்துல புண்ணு. அந்தக் கடைசிச் செடியில பறிச்சிக்க" என்பார். கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கினால், இறைத்த முதல் வாளியில் விரலை விட்டு நாக்கில் வைப்பார். உப்பு ஏறியிருந்தால் அன்று தக்காளிக்கு ஊற்றமாட்டார். எரு விற்கிறவன் ஒருமுறை மூட்டையை இறக்கிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "இத்த நக்கிப் பாக்க மாட்டேன், போடா" என்று அவர் சொன்ன பிறகுதான் போனான். தெருவே சிரித்தது.

இவ்வளவு ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் யாரையும் எதையும் கேட்டதில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும்கூட, கணக்கு புரியவில்லை என்று வாத்தியாரிடம் கேட்க வாய் வராமல்தான். அக்காவே ஒருமுறை கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தபடி சொன்னார்: "ருசி பாக்காம ஒருத்தர் கையில குடுக்கறது பொய் சொல்ற மாதிரிப்பா. நல்லதுன்னு சொல்லித்தானே குடுக்கறோம்? நல்லதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?" நான் தலையாட்டினேன்.

எங்களுக்குள் கொடுக்கல் வாங்கல் ஒன்று உண்டு. தறியில் மிச்சமாகும் நூல் துண்டுகளை நான் ஒரு பையில் சேர்த்துவைப்பேன். கொடிகளைப் பந்தலோடு சேர்த்துக் கட்ட அவர் அதை எடுத்துப்போவார். பட்டு நூல் மழையில் இற்றுப்போகாது, தண்டையும் அறுக்காது. அந்தத் தோட்டத்தில் பந்தல் கம்புகளெல்லாம் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையுமாகக் கட்டுப்போட்டு நிற்கும்.

என் மகளுக்கு வளைகாப்பு வைத்த வைகாசியில் வெயில் கடுமை. அக்காவின் சுரைக்கொடிகளில் ஒன்று சுருண்டு காய்ந்து, பிறகு ஒரு மழைக்குத் திரும்பத் தளிர்த்திருந்தது. வளைகாப்புக்கு மூன்று நாள் முன்னால் அக்கா என்னிடம் வந்தார்.

"நல்லா கண்ணுல அடிக்கற மாதிரி ஒரு கலர் நூலு குடுப்பா."

சிவப்பு கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

மறுநாள் அவர் தம்பி வீட்டு விசேஷத்துக்குத் தென்னேரி கிளம்பினார். பையோடு கிணற்றடியில் நின்று, "செடிங்களுக்குத் தண்ணி ஊத்து. வளைகாப்புக்கு வேணுன்ற காய பறிச்சிக்க. நான் அன்னிக்குக் காலையில வந்துடறேன். என் கையால பொண்ணுக்கு வளையல் போடணும்" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலைப் பா என்போம், ஒரே பாவில் இரண்டு மூன்று புடவை நெய்வோம். ஒரு புடவை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். நெய்துகொண்டே வந்து சிவப்பு நூல் கண்ணில் பட்டால் மனசு குளிர்ந்துவிடும். வேலை முடிந்தது, இங்கே அறுக்கலாம் என்று அர்த்தம். எனக்கு விவரம் தெரிந்த நாளில் இருந்து சிவப்பு நூலுக்கு வேறு அர்த்தம் கிடையாது.

வளைகாப்பு அன்று விடியற்காலை, கூட்டுக்காக வாங்கிவைத்த பூசணிக்காயை என் மனைவி வெட்டினாள். உள்ளே அழுகல்.

"அக்கா பந்தல்ல சுரைக்காய் இருக்குதே, ஒண்ணு அறுத்துக்கினு வாங்க" என்றாள்.

போனேன். பந்தலில் நாலைந்து சுரைக்காய்கள் தொங்கின. தளிர்த்த கொடியில் இருந்த மூன்று காய்களின் காம்பில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நான் வாய் திறந்து கேட்கமாட்டேன் என்று தெரிந்து, எனக்குப் புரிகிற பாஷையில் அக்கா அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். இருப்பதில் பெரிய காயாகப் பார்த்து, சரியாக நூலுக்கு மேலே அறுத்தேன்.

விசேஷ நாளில் எங்கள் வீட்டில் சமைக்கிறபோது உப்பு உறைப்பு பார்க்கமாட்டார்கள். சாமிக்குப் படைத்த பிறகுதான் நாக்கில் படவேண்டும். என் மனைவி கை அளவிலேயே சமைத்தாள். கூட்டு மணமாகத்தான் இருந்தது.

வாலாஜாபாத்தில் இருந்து சம்பந்தி வீட்டார் வேன் வைத்து வந்து இறங்கினார்கள். வீட்டில் நாற்பது பேர். தறியை ஒட்டியே மகளை உட்காரவைத்து வளையல் போட்டார்கள். படையல் முடிந்தது. சம்பந்திக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டார், உடனே சாப்பிட வேண்டும் என்று அவருக்கு மட்டும் முதல் இலை போட்டோம். பக்கத்திலேயே மகளுக்கும் போட்டோம். மற்றவர்கள் அடுத்த பந்திக்கு நின்றார்கள்.

அப்போதுதான் அக்கா வந்தார். முன்வாசல் வழியாக வரவில்லை. பின்கட்டு வழியாக, காலில் செருப்பில்லாமல், கையில் அறுபட்ட காம்போடு ஓடிவந்தார். யாரையும் பார்க்காமல் நேராகக் கூட்டுச் சட்டிக்குப் போனார். கையை விட்டு எடுத்து வாயில் போட்டார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்ட வேகத்தில் வெளியே துப்பினார்.

"யாரு தின்னீங்க? இத்த யாரு தின்னீங்க?"

அக்காவின் கண் இலைகளின் மேல் ஓடியது. என் மகள் இலையில் கூட்டு கலைந்திருந்தது. விரல் பட்ட தடம் தெரிந்தது. அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். புது வளையல்கள் நொறுங்கிவிடுமோ என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது.

"தின்னியாடி?"

"வாயில வெச்சேன் அத்தை. ஒரே கசப்பு. எல்லாரும் இருக்கறாங்களேன்னு..." அவள் இலை மடிப்பைத் தூக்கிக் காட்டினாள். அதன் கீழே துப்பி மறைத்துவைத்திருந்தாள்.

"முழுங்கல?"

"முழுங்கல அத்தை."

"எழுந்து போய் வாயக் கொப்புளி. பத்து தடவ கொப்புளி."

என் மகளும் என்னைப் போலத்தான். கசக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. நல்லவேளை, விழுங்கவும் மனம் வரவில்லை.

சம்பந்தியின் இலை துடைத்த மாதிரி இருந்தது.

"நான் சாப்ட்டேனே. நல்லாதான் இருந்துது. பாகக்கா கூட்டுன்னு நெனச்சேன்" என்றார். அவர் தினமும் காலையில் சர்க்கரைக்காகப் பாகற்காய் ஜூஸ் குடிக்கிறவர். கசப்பு அவருக்குப் பழகிவிட்டது. இரண்டு கரண்டி சாப்பிட்டு, மூன்றாவது கேட்க இருந்திருக்கிறார்.

"கசந்த சுரைக்கா விஷம்ங்க. ஆட்டோ கூப்பிடுங்க. மீதிக் காய் இருந்தா ஒரு துண்டு எடுத்துக்குங்க, டாக்டர் கேப்பாரு."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று எழுந்த சம்பந்தி, கை கழுவப் போன இடத்திலேயே குனிந்து வாந்தி எடுத்தார்.

அதற்குப் பிறகு வீடு ஒரே கூச்சல். சம்பந்தியம்மா அக்கா முன்னால் போய் நின்றார்.

"உன் தோட்டத்துக் காயாமே? எச்சி பண்ணிப் பாத்துப் பாத்துக் குடுப்பியாமே? இது மட்டும் எப்படி வந்துது? என் வூட்டுக்காரருக்கு எதனா ஆச்சின்னா உன்ன சும்மா வுடமாட்டேன்."

அக்கா பதில் சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, சம்பந்தியின் முதுகைத் தடவிக்கொடுக்கப் போனார். பெண் ஏழு மாசம். பெண்ணைப் பெற்றவனை அவள் மாமியார் முன்னால் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பழி அவர் தலையில் விழுந்திருக்கும், அவரும் சுமந்திருப்பார். பேசாமல் இருப்பது எனக்கு என்றைக்கும் சுலபம். ஆனால் அன்று ஒரு கையால் தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க குடுக்கல" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது.

"அவங்க ஊர்லயே இல்ல. அடையாளம் கட்டி வெச்சிட்டுத்தான் போனாங்க. எனக்குப் புரியல. நான்தான் அறுத்தேன். திட்றதுன்னா என்னத் திட்டுங்க."

சம்பந்தியம்மா என்னைத் திட்டினார்தான். எனக்கு அது அவ்வளவு பாரமாக இல்லை. ஆட்டோ வந்தது, சம்பந்தியம்மாவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, சம்பந்தியை ஏற்றிக்கொண்டு நானும் மருமகனும் போனோம்.

ஆஸ்பத்திரியில் நான் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்தச் சுரைக்காய்த் துண்டைக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவர் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. பிரஷர் இறங்கியிருக்கிறது என்றார்கள். கையில் பாட்டில் ஏற்றினார்கள். மூன்று மணி வரை யாரும் நல்ல வார்த்தை சொல்லவில்லை. நாலு மணிக்கு மேல் டாக்டர் வெளியே வந்து, "ரெண்டு கரண்டியோட நின்னுச்சே, அது நல்லதாப் போச்சு. இனி பயமில்ல. ராத்திரி ஒருநாள் இருக்கட்டும், காலையில கூட்டிக்கினு போங்க" என்றார். உள்ளே போனேன். சம்பந்தி சோர்ந்து படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினார். கும்பிடுகிறாரோ என்று பயந்தேன்.

"பாயசம் மிச்சம் இருக்குதா?" என்றார்.

"சர்க்கர இருக்குதேங்க."

"அது நாளைக்குப் பாத்துக்கலாம். கொஞ்சம் எடுத்து வெக்கச் சொல்லுங்க."

மருமகன் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். நடந்தே வந்தேன். போன் வந்துவிட்டதால் வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. விருந்தும் முடிந்திருந்தது. ஆட்டோ போன பிறகு ஒருவரும் இலையில் கைவைக்கவில்லையாம். கூட்டு இப்படி என்றால் குழம்பு எப்படியோ என்று நின்றிருக்கிறார்கள். பசியில் குழந்தைகள் அழ ஆரம்பித்திருக்கின்றன. அக்கா கையைக் கழுவிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய், கூட்டை ஒதுக்கிவிட்டு, மற்ற பாத்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து எல்லோரும் பார்க்க விழுங்கியிருக்கிறார். சாம்பார், ரசம், பொரியல், ஐந்து வகைச் சோறு, வடை, பாயசம். "அவ்ளோ ஜனத்துக்கு நடுவுல அவங்க தொண்ட ஏறி எறங்கினத நான் எண்ணினேன்" என்றாள் என் மனைவி. பிறகு அக்கா வெளியே வந்து, "உக்காருங்க" என்றாராம். முதலில் உட்கார்ந்தது சம்பந்தியம்மாவாம்.

"அக்கா எங்க?"

"பின்னால. ருசி பாத்ததோட சரி, இலையில உக்காந்து ஒரு வாய் சாப்பிடல. கூப்ட்டா வரமாட்றாங்க."

பின்கட்டில் அக்கா அந்தச் சுரைக்கொடியை வேரோடு பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார். மிச்சம் இரண்டு காயும் சிவப்பு நூலோடு தரையில் கிடந்தன. நான் போய் நின்றேன்.

"எப்படி இருக்கறாரு?"

"நல்லா இருக்கறாருக்கா. பாயசம் கேக்கறாரு."

அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

"காஞ்சி திரும்பத் தளிர்த்த கொடிப்பா அது, கீறி நாக்குல வெச்சிப் பாத்தேன், ஒரே கசப்பு. தம்பி பசங்களுக்காக வுட்டு வெச்சேம்பா. கசந்த சுரைக்கா காய வெச்சா ஓடு நல்லா கெட்டியா ஆவும். முதுகுல கட்டிக்கினு ஏரியில நீச்சல் கத்துக்குவாங்க. யாரும் தொடக்கூடாதுன்னுதான் செவப்பு கட்டினேன். செவப்புன்னா தொடாதன்னு ஒலகத்துக்கே தெரியும். ரயில்வே கேட்டு பாத்ததில்லையா நீ?"

"எங்களுக்குச் செவப்பு கட்டினா அங்க அறுக்கணும்க்கா."

"இன்னாது?"

பாவு நூலையும் புடவையையும் பற்றிச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மட்டும் கையால் காட்டிச் சொன்னேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்தார். முடிக்கும்போது கண் ஈரமாக இருந்தது.

"என் தப்புதான். வாயால சொல்லாம நூலு கட்டினேன் பாரு. நீயும் வாயத் தொறந்து கேக்காத ஆளு. நல்ல ஜோடி."

"நீங்க ஏன் அவங்க திட்டும்போது சும்மா இருந்தீங்க?"

அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். அக்கா கையில் இருந்த மண்ணை உதறினார்.

"சாப்டியா நீ?" என்றார்.

"இல்லக்கா."

என் மனைவி எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அக்கா இரண்டு வாழை இலையை நறுக்கி விரித்தார். எனக்குப் போட்டார், தனக்கும் போட்டுக்கொண்டார். சோறு ஆறியிருந்தது. உள்ளே என் மகள் யாரிடமோ பேசிக்கொண்டு நடக்கிற வளையல் சத்தம் கேட்டது. காலையில் இருந்து என் பசி எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. அது திரும்பி வந்திருந்தது. இலையில் இருந்ததை நான் எப்படித் தின்று முடித்தேன் என்று எனக்கே தெரியாது. எந்த வீட்டிலும், சொந்தத் தங்கை வீட்டில்கூட, இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி எனக்குப் பழக்கமில்லை.

"இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா" என்றேன்.